காற்று முன்னறிவிப்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள் (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி அருகே சிறிய தேயிலைத் தொழிற்சாலை நடத்துகிறோம். மின்சாரம் போய், பறித்த இலையை வாட்டும் தொட்டிகளின் விசிறி நின்றுவிட்டால் அடியிலுள்ள இலை சூடேறிச் சிவந்துவிடும். மின்தடையை ஒரு நாள் முன்பே ஊகிக்க முடிந்தால் அன்றைக்கு இலை வாங்குவதைக் குறைத்துக்கொள்வேன், டீசலும் வாங்கி வைப்பேன். எங்கள் நீலகிரியின் குந்தா, பைக்காரா நீர்மின் நிலையங்கள் மாநிலத்துக்கே மின்சாரம் அனுப்புகின்றன. நம் வீட்டில் மெழுகுவர்த்தி!

வானிலைத் துறையின் எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறத்தில் வருகிறது. ஆனால் தென்மேற்குப் பருவமழை மேற்கே அவலாஞ்சி, கூடலூர் பக்கம்தான் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. எங்கள் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் கண்டம். அதிலும் மழையளவை மட்டும் பார்த்துப் பயனில்லை. மண் ஊறிய பிறகு சுமாரான காற்றே கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சில்வர் ஓக்கையும் மின்கம்பி மேல் சாய்த்துவிடுகிறது. ஆகவே முந்தைய சில நாள் மழையையும் அடுத்த நாள் காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பள்ளத்தாக்கு வாரியாகத் திடீர்க் காற்றின் வேகத்தை ஓரளவு சரியாகக் காட்டும் செயலி எது? தோட்டத்தில் மழைமானி வைத்திருப்பவர்கள் பழைய குறிப்புகளைத் தர இயலுமா? மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் இங்கே இருந்தால், எவ்வளவு காற்றுக்கு எந்த மின்பாதை முதலில் பழுதாகும் என்ற உங்கள் அனுபவக் கணக்கைச் சொல்லுங்கள். மின்தடைத் தேதிகளை நான் குறித்து வருகிறேன், கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.