வைத்திருந்த பெட்ரோல் கெட்டுப்போன அனுபவம் உண்டா?

அல்சூர்வாசி:
ஸ்ரீராம்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் மைத்துனர், மழைக்காலக் கரண்ட் கட்டுக்குப் பயந்து சின்ன ஜெனரேட்டர் ஒன்று வாங்கிப் போட்டார். அது மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. முதல் கோடை மழைக்கே கரண்ட் போனது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். மெக்கானிக் பையன், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றி, "மோந்து பாருங்கண்ணா" என்று நீட்டினான். பெட்ரோலின் சுருக்கென்ற வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் நெடிதான். அடியில் தேன் நிறத்தில் பிசின். பெட்ரோல் போகும் ஊசிமுனை அளவுள்ள ஜெட் துளை முழுக்க அடைத்திருந்தது.

பெட்ரோலில் சட்டென்று ஆவியாகும் லேசான சரக்குதான் எஞ்சினைக் கிளப்பிவிடும். முதலில் ஓடிப்போவதும் அதுதான். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகிறது. இறுக மூடிய பாத்திரத்தில் மாதக்கணக்கில் தாங்கும் பெட்ரோல், அந்தக் கிண்ணத்தில் சில வாரங்களிலேயே கெட ஆரம்பித்துவிடும். இப்போது மைத்துனர் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணம் காலியாகி எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுகிறார்.

ஆர்எக்ஸ் பிரியன்:
பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹாலான எத்தனாலை விட்டுவிட்டீர்களே! 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை 2023 பிப்ரவரியில் நம் பெங்களூரில்தான் அறிமுகம் செய்தார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுமீறினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு டேங்க் அடியில் போய் உட்காரும். எஞ்சினுக்குப் போவதும் அடியில் இருப்பதுதானே? ரொம்ப நாள் ஊரில் தங்கிவிட்டு வந்த நண்பரின் பைக்கிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் வடித்துப் பார்த்தோம்: நடுவே கோடு போட்டதுபோல மேலொன்று, கீழொன்று. நிறுத்திவைப்பதானால் டேங்கை நிரப்பிவிடுங்கள், ஈரக்காற்றுக்கு இடம் குறையும்.

மர்ஃபி டவுன் அக்கா:
கெடுவது இருக்கட்டும் தம்பிகளா, எதில் வைக்கிறீர்கள்? 1934 பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைக்கலாம். ஆனால் கண்ணாடிப் பாத்திரம் 1 லிட்டரையும் உலோகப் பாத்திரம் 25 லிட்டரையும் தாண்டக்கூடாது. கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்கு அதில் இடமே கிடையாது. எங்கள் கீழ்வீட்டுக்காரர் அப்படித்தான் மாடிப்படிக்கடியில் வைத்திருந்தார், நாலு எட்டில் அவர் வீட்டு சாமி விளக்கு! பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். சொன்னால், "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையேம்மா" என்கிறார். நேரே ஓனரம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டேன்.