புள்ளைக்கு மணமில்லாத சவுக்காரம் எது நல்லம்?

கேள்வி (கல்லடி):
மகளுக்கு நாலு வயசு, குளிச்சு வந்தா முழங்கை மடிப்பெல்லாம் செவந்து சொறிஞ்சிக்கிட்டே இரிக்கா, கடையில ஹேர்பல் எண்டு பச்சை இலை படம் போட்ட சவுக்காரம் வாங்கினன் ஆனா பின்னால பார்த்தா பேர்ஃபியூம் எண்டும் இரிக்கு. தினமும் கெமிக்கல் இல்லாம என்ன பாவிக்கலாம்?

பதில் (கல்முனை):
தங்கச்சி, முதல்ல வாசம் போட்ட எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. மணமில்லாத சவுக்காரம் ஊத்தை பட்ட இடத்துக்கு மட்டும் போதும், மத்த இடத்துக்குத் தண்ணியே காணும். நான் எனக்கு சவுக்காரத்துக்குப் பதிலா பயறு அரைச்சு ரெண்டு தரம் அரிச்சு வச்சிரிக்கன், அரிக்காட்டி குறுணி தோலைக் கீறும், அதால புண்பட்ட இடத்துல தேய்க்க ஒண்ணா. குளிச்ச ஈரம் காய முந்தி தேங்காயெண்ணெய் மெல்லிசா பூசுங்க.

பதில் (ஆரையம்பதி):
உங்கட கிணத்துத் தண்ணி சவரா, உப்புக் கரிக்குமா? எங்கட வளவுத் தண்ணியில சவுக்காரம் நுரைக்காது, வாளி விளிம்புல வெள்ளையா படியும், அதுவே தோலைக் காய வைக்கும். மறுகா இயற்கை எண்டு தேசிக்காய்ப் புளி மட்டும் பூசிராதீங்க, அதோட வெயில்ல நிண்டு என்ட கையில கொப்புளம் போட்டு கறுத்த அடையாளம் போக மாசக்கணக்காச்சு. நீர் வடிஞ்சா டொக்டரிட்ட காட்டுங்க.

கேள்வி கேட்டவர்:
ஓம், சவர்தான்! இன்டைக்கே சவுக்காரத்தை மாத்திப் பார்க்கன்.