கூட்டாக எழுதும் ஆர்பிஜி புத்தகம்: வேலை எங்கே சிக்குகிறது, பணம் கட்டியவர்களிடம் என்ன சொல்வது?

பகடை இருபது:
ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் ஆர்பிஜி விளையாட்டுக்கு 160 பக்க விதிப்புத்தகம். எழுதுபவர்கள் 4 பேர், ஓவியர்கள் 2 பேர், எடிட்டர், லேஅவுட் தலா ஒருவர். கிரவுட்ஃபண்டிங்கில் (ஆதரவாளர்களிடம் முன்பணம் திரட்டியபோது) சொன்ன தேதி தாண்டி 3 மாதம். யாரைக் கேட்டாலும் "என் பங்கு முடிஞ்சது" என்கிறார்கள். ஆதரவாளர்களுக்கு எப்போது, என்ன எழுதுவது?

ஓரக்குறிப்பு:
எல்லார் பங்கும் முடிந்து புத்தகம் மட்டும் முடியவில்லை என்றால், உரையை யாரும் பூட்டவில்லை, 'இனி மாற்றமில்லை' என்று முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். விளையாட்டில் 'திகைப்பு' என்ற நிலை 2 சுற்று நீடிக்கும் என்பதை ஒருவர் 1 சுற்று ஆக்கினால் மந்திரங்கள், அரக்கர்களின் ஸ்டாட் பிளாக் (திறன் எண்களின் கட்டம்), விளையாட்டு உதாரணம், ஜிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) முன் வைக்கும் திரையின் அட்டவணை எல்லாவற்றையும் தொட வேண்டும். வேர்ட் கோப்பில் இது ஒரு மாலை வேலை. லேஅவுட்டுக்குப் போன பிறகு வரிகள் ஓடி, பக்கம் தள்ளி, படம் இடம் மாறும்.

அடிப்படை விதிகளை முதலில் பூட்டுங்கள், பிறகு அரக்கர்கள், சாகசம் (ஆடுவதற்கான கதை) கடைசி. "பக்கம் 000 பார்க்க" என்று விட்ட இடங்களைப் பக்கங்கள் நிலைத்த பிறகே நிரப்ப வேண்டும், பொருளடைவும் அப்படித்தான். ஆஃப்செட் அச்சு என்றால் 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) கணக்கையும் மறக்காதீர்கள். 160 என்பது சரியாக 10 ஃபாரம். மூன்று பக்கம் கூடினால் அரை ஃபாரம் சேர்த்து 168, அச்சகம் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் 176. முதுகின் அகலம் மாறும், அட்டைக் கோப்பையும் திருத்த வேண்டும்.

கோட்டோவியன்:
ஓவியப் பக்கமும் சிக்கும். நிலவறையின் அறை எண்கள் முடிவாகும் முன் வரைபடம் கேட்காதீர்கள், நிச்சயம் இரண்டாவது முறை வரைய வேண்டியிருக்கும். பென்சில் வரைவுக்கு ஒப்புதல் தருவது ஒரே ஆளாக இருக்கட்டும். நாலு எழுத்தாளர்களும் கருத்துச் சொன்னால் வாள் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிக்கொண்டே இருக்கும்!

நடுநிசி ஜிஎம்:
ஆதரவாளர்களுக்கு மாதம் ஒரு கடிதம், ஒரே தேதியில். சொல்ல ஒன்றுமில்லாத மாதமும் போகட்டும். "விரைவில்" என்ற சொல்லை அறவே விடுங்கள். "12 அத்தியாயத்தில் 9 எடிட் ஆகிவிட்டன, 40 படத்தில் 31 வந்துவிட்டன, சாகச அத்தியாயம் எழுத்தாளரிடம் நிற்கிறது" என்று எழுதினால் கோபம் பாதி அடங்கும். அச்சு ப்ரூஃப் (அச்சகம் தரும் மாதிரி) சரிபார்த்து முடியும் வரை புதிய தேதி தராதீர்கள். ஒருமுறை தவறியதை மன்னிப்பார்கள், இரண்டாவது தேதியும் தவறினால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். சீனாவில் அச்சிடுவதானால் அங்கே புத்தாண்டுக்கு அச்சகங்கள் வாரக்கணக்கில் மூடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அச்சுக்கு முன்பே பிடிஎஃப் கொடுத்து, மூன்று வாரம் பிழை மட்டும் வாங்குங்கள். "இந்த விதியை மாத்தலாமே" என்பவை அடுத்த பதிப்புக்கு. அஞ்சல் முகவரியை அனுப்புவதற்குச் சற்று முன் கேளுங்கள், ஆட்கள் வீடு மாறியிருப்பார்கள்.

பகடை இருபது:
நன்றி. ஒரு எழுத்தாளர் பதிலே போடுவதில்லை. அவர் இல்லாமல் பூட்டலாமா?

ஓரக்குறிப்பு:
முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்க. அதில் வழி இருந்தால் 7 நாள் கெடு வைத்து எழுத்தில் கேளுங்க, அதற்குப் பிறகு எடிட்டர் முடிவே முடிவு. இல்லையென்றால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, ஒரு ஃபாரம் குறைத்து 144 பக்கத்தில் அடக்க முடியுமா பாருங்க. அப்படிக் குறைத்தால் ஆதரவாளர்களிடம் அச்சுக்குப் போகும் முன்பே சொல்லிடுங்க. அடுத்த ஒப்பந்தத்தில் பாதிச் சம்பளம் முதல் வரைவுக்கு, மீதி திருத்தம் முடிந்த பிறகு.