‘செடன்டரி’: ‘அமர்கிடை’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். பெரும்பாலும் உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பதைக் குறிக்கும் ‘செடன்டரி’ (sedentary) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடுகிறோம். நண்பர் ஒருவர் கேட்கிறார்:

> ‘செடன்டரி’க்கு ‘உடற்பயிற்சியின்மை’ போதாதா? எல்லாருக்கும் புரிகிறதே.

புரிகிறது, ஆனால் வேறொன்றாக. அதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நலவாழ்வுக் கணக்கெடுப்பின் வினாத்தாளைத் தமிழாக்கிக் கொடுத்தேன். ‘பிசிகல் ஆக்டிவிடி’ (physical activity) வந்த இடமெல்லாம் ‘உடற்பயிற்சி’ என்று போட்டுவிட்டேன். களத்துக்கும் கூடப் போனேன். தெருக்குழாயிலிருந்து இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடமாக வந்துகொண்டிருந்த அம்மாவிடம், “வாரத்துல எத்தனை நாள் உடற்பயிற்சி செய்வீங்க?” என்று கேட்டோம். குடத்தை இறக்காமலே சிரித்தார். “அதெல்லாம் வசதிப்பட்டவங்களுக்குத் தம்பி.” தாளில் சுழியம் விழுந்தது. அது அவர் அன்று நடந்த நாலாவது நடை.

ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் இருந்ததுதான். 1985இல் காஸ்பர்சன், பவல், கிறிஸ்டென்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ‘பிசிகல் ஆக்டிவிடி’, ‘எக்சர்சைஸ்’ (பயிற்சி) இரண்டையும் பிரித்து எழுதினார்கள். தசைகள் இயங்கி ஆற்றல் செலவாகும் எந்த அசைவும் முதலாவது. உடல்தகுதிக்கென்று திட்டமிட்டுத் திரும்பத் திரும்பச் செய்வது மட்டுமே பயிற்சி. குடம் சுமப்பது முதலாவதில் சேரும், இரண்டாவதில் சேராது. தமிழ்நாட்டையும் உட்படுத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஐசிஎம்ஆர்-இன்டியாப்’ (ICMR-INDIAB) நீரிழிவு ஆய்வில் (2014) ஓய்வுநேரத்தில் உடலை இயக்குவோர் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. நம் ஊரில் இயக்கமெல்லாம் வேலையிலும் வீட்டிலும் போக்குவரத்திலும் இருக்கிறது. ‘உடற்பயிற்சி’ என்று கேட்டால் அத்தனையும் நழுவிப்போகும். ‘உடலுழைப்பு’ என்றால் மாலை நடைக்குப் போகிறவர் நழுவுவார். எனவே பொதுச்சொல்லாக ‘உடலியக்கம்’. ‘இயக்கம்’ என்றதும் கட்சிக்கொடி நினைவுக்கு வருவோர் பொறுத்தருள்க.

(சொல்லைத் திருத்தினால் மட்டும் அந்த அம்மா கணக்கில் வந்திருப்பாரா என்றால், அதுவும் ஐயமே. தொடர்ந்து பத்து நிமிடமாவது இயங்கினால்தான் சேர்த்தி என்பது அன்றைய விதி. 2020 வழிகாட்டுதலில்தான் உலக சுகாதார அமைப்பு அதை எடுத்தது.)

இனி ‘செடன்டரி’. இதன் தொடக்கக்கதை லண்டன் மாடிப் பேருந்தில் இருக்கிறது. மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸும் குழுவினரும் 1953இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. ஒரே நிறுவனம், ஒரே பேருந்து. ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதி உட்கார்ந்தே இருப்பார். நடத்துநர் நாளொன்றுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறுவார். மோரிஸ் அதோடு விடவில்லை. சீருடை அளவுகளைப் பார்த்தால், ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு முன்பே பெரிதாக இருந்தது. அப்படியானால் குற்றம் இருக்கையுடையதா, ஆளுடையதா? அந்தக் கேள்வியையும் அவர்களே 1956இல் அச்சில் எழுப்பினார்கள். எனக்கு மோரிஸைப் பிடிப்பது இதனால்தான்.

இன்றைய வரையறை கறாரானது: விழித்திருக்கும் வேளையில், உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ, 1.5 மெட்டுக்கு மிகாமல் ஆற்றல் செலவாகும் நடத்தை. (சும்மா உட்கார்ந்திருக்கையில் செலவாவது 1 மெட்.) காலையில் ஒரு மணிநேரம் ஓடிவிட்டுப் பத்து மணிநேரம் கணினிமுன் இருப்பவருக்கு உடலியக்கக் குறைவு இல்லை, ஆனால் இது உண்டு. ஆகவே ‘உடற்பயிற்சியின்மை’ தவறு. அசையாமல் நிற்கும் காவலாளியைச் சேர்த்துக்கொள்ளும் என்பதால் ‘அசைவின்மை’யும் தவறு.

பெருமாள் கோயில்களில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்போமே. இந்த வரையறையில் நின்ற கோலம் வெளியே, மற்ற இரண்டும் உள்ளே! ‘இருகிடை’ என்று வைக்கலாம், ஆனால் ‘இரண்டு கிடை’யாகிவிடும். அதனால் ‘அமர்கிடை’ என்கிறேன்: அமர்கிடை நடத்தை, அமர்கிடைப் பொழுது.

கருத்துச் சொல்லுங்கள்.

---

வணக்கம் ஐயா.

‘உடலியக்கம்’ எனக்கும் சரி. ‘அமர்கிடை’தான் இடிக்கிறது. எங்கள் பக்கம் கிடை என்றால் முதலில் ஆட்டுக்கிடை. போகட்டும். “அப்பா கிடையில் கிடக்கிறார்” என்றால் எழுந்திருக்க முடியாத நோயாளி என்று பொருள். நான் செவிலியர். நாற்பது வயது வங்கி ஊழியரிடம் “உங்க அமர்கிடைப் பொழுது கூடுதல்” என்று சொன்னால், மனிதர் அங்கேயே கிடையில் விழுந்துவிடுவார். ‘அமர்வுப்பொழுது’ என்றே வைத்துவிடலாமே? படுப்பது விடுபடும்தான். விழித்துக்கொண்டே படுத்திருப்பவர் எத்தனை பேர்?

---

அம்மா, நோயாளிப் பொருள் எனக்குத் தோன்றவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விழித்துக்கொண்டே படுத்திருப்பவர் எத்தனை பேர் என்கிறீர்களே, எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர், கையில் கைப்பேசியோடு!

இப்படிச் செய்யலாமா? ஆய்வுக்கட்டுரைக்கு ‘அமர்கிடை’ இருக்கட்டும். வினாத்தாளிலும் மருத்துவமனையிலும் கலைச்சொல்லே வேண்டாம், “தூங்கும் நேரம் போக, உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ எவ்வளவு நேரம் இருப்பீங்க?” என்று கேட்டுவிடலாம். குழாயடி அம்மாவிடமும் இதே போல, “தண்ணி எடுக்க எத்தனை நடை?” என்று கேட்டிருக்க வேண்டும்.

‘உடலியக்கம்’ குறித்து மறுப்பு வராவிட்டால் வெள்ளிக்கிழமை நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ‘அமர்கிடை’க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கிறேன்.