யெல்லோநைஃப் ஐஸ் ரோடு: முதல் குளிர்காலத்திலேயே போகலாமா?

முத்துநகரான்

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தவன். பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) கிடைத்து இந்த வருஷம் டொராண்டோ வந்தேன். கோடையிலேயே ஏ.இசட் லைசென்ஸ் (டிரெய்லர் லாரி ஓட்டும் உரிமம்) எடுத்தாச்சு. இப்போ 401 நெடுஞ்சாலையில் மாண்ட்ரியல் வரைக்கும் போய் வருகிறேன். பிப்ரவரி, மார்ச் ரெண்டு மாசம் கனடாவின் வடமேற்கில் யெல்லோநைஃபுக்கு வடக்கே இருக்கும் வைரச் சுரங்கங்களுக்கு, உறைந்த ஏரி மேல் போடும் ஐஸ் ரோட்டில் டீசல் ஏற்றிப்போக ஆள் எடுக்கிறார்களாம், நண்பன் சொன்னான். அந்த ரெண்டு மாசத்தில் இங்கே நாலைந்து மாசச் சம்பளம் பார்த்துவிடலாம் என்கிறான். வீட்டில் "ஏரி மேல லாரி ஓட்டித்தான் சாப்பிடணுமா?" என்று ஒரே சண்டை. ஓட்டினவர்கள் இருந்தால் சொல்லுங்கள். டிவியில் பார்த்ததை வைத்துச் சொல்பவர்கள் மன்னிக்கவும்.

நெடுந்தூரன்

தம்பி, அந்த ரோட்டில ஓடின ஆக்களில நானும் ஒருத்தன். வீட்டில பயப்பிடுறது நியாயம்தான். ஆனா ஏரிக்குப் பயப்பிட வேண்டாம்.

யெலோநைவில இருந்து கிழக்கால போய், இங்ராம் ட்ரெயில் முடியிற ரிப்பிற் ஏரியிலதான் அது தொடங்குது. 1982 இல இருந்து வருசா வருசம் புதுசாப் போடுறாங்கள். பத்தில எட்டுப் பங்குக்கு மேல ஏரிதான். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில வாற தரைத்துண்டை போர்ட்டேஜ் எண்டு சொல்லுறது. முதல்ல ஸ்னோவை வழிச்சு எறிவாங்கள். ஸ்னோ போர்வை மாதிரிக் கிடந்தா கீழ ஐஸ் தடிக்காது. பிறகு ராடார் பூட்டின வண்டியைக் கொண்டுபோய்த் தடிப்பு அளப்பாங்கள். 70 சென்ரிமீற்றர் அளவில வந்தாத்தான் லைற் லோட் விடுறது. முழு லோட் எண்டால் ஒரு மீற்றருக்கு மேல வேணும்.

லோட்டோட போகேக்கை 25 கிலோமீற்றர்தான் வேகம். கூடப் போனா செக்கியூரிற்றி மறிச்சு, ரோட்டை விட்டே கலைச்சுப்போடும். நாலு ட்ரக் வரை சேர்த்துத்தான் விடுவாங்கள், தனிய விடமாட்டாங்கள். நடுவில லொக்ஹார்ட் ஏரியில காம்ப் இருக்கு, சுடச்சுடச் சாப்பாடு. இவ்வளவு கண்காணிப்பு 401 இல இருக்கே? வெளிக்கிடுங்கோ தம்பி.

பிரம்டன் சேகர்

நெடுந்தூரன் அண்ணா ரோட்டைப் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. கேட்டவர் யார் என்று பார்த்தீர்களா? கனடாவில் ஒரு குளிர்காலம்கூட முழுசாகப் பார்க்காதவர்.

முத்துநகரான், மைனஸ் 40-ல் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். போர்ட்டேஜ் இறக்கத்தில் பிரேக் பிடித்து இறங்குகிறீர்கள், பிரேக் டிரம் சூடாக இருக்கும். அப்படியே நிறுத்தி பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டுத் தூங்கினால் உருகின ஈரம் மறுபடி உறைந்து, பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் கியர் போட்டால் டிரெய்லர் சக்கரம் சுற்றாது, அப்படியே இழுபடும், டயர் ஒரு பக்கம் தேயும். இறங்கி, படுத்து, அடியில் நுழைந்து, ஒவ்வொரு டிரம்மாகச் சுத்தியலால் தட்ட வேண்டும். தடித்த கையுறையோடு சுத்தியல் சரியாகப் பிடிபடாது. கழற்றினால் விரல் மரத்துப்போகும். பிரேக்குக்குக் காற்று போகும் ஏர் லைனில் ஈரம் இருந்தால் அது தனிக் கதை, டீசல் கூழாகி ஃபில்டர் அடைத்தால் இன்னொரு கதை. ராத்திரி முழுக்க எஞ்சினை அணைக்கவே மாட்டார்கள்.

ஒன்டாரியோவில் 2017-லிருந்து கட்டாயப் பயிற்சி 103.5 மணி நேரம். அதில் இதெல்லாம் எங்கே வருகிறது? கோடையில் எடுத்தவர் ஸ்னோவில் ஒரு திருப்பம்கூடத் திரும்பியிருக்க மாட்டார். அப்புறம், டீசல் என்றால் பெரும்பாலும் சூப்பர் பி. ரெண்டு டேங்கர், எல்லாம் சேர்த்து 63,500 கிலோ வரை. பெட்டி ஏற்றிய டிரெய்லர் ஓட்டின கைக்கு, உள்ளே திரவம் முன்னும் பின்னும் மோதுகிற வண்டி பிடிபட நாளாகும். அதை ஐஸ் மேல் வைத்தா பழகுவது?

முத்துநகரான்

சூப்பர் பி ஓட்டினதில்லை, உண்மை. டேஞ்சரஸ் குட்ஸ் சர்டிபிகேட் (ஆபத்தான சரக்கு ஏற்றுவதற்கானது) வைத்திருக்கிறேன். சேகர் அண்ணா, எல்லாரும் என்றைக்கோ ஒரு நாள் முதல் தடவை போனவர்கள்தானே?

நெடுந்தூரன்

அப்பிடிக் கேளுங்கோ! சேகர், நீங்கள் சொல்லுற பிரேக் கதை இங்க ஒன்ராறியோவில சட்பரி ரோட்டிலயும் நடக்கும், கப்பஸ்கேசிங் ரோட்டிலயும் நடக்கும். அதுக்காக ஒருத்தரும் வடக்கால ஓடக்கூடாதோ?

கட்டடக்காரன்

சிவில் எஞ்சினியர், லாரி ஓட்டத் தெரியாது. ஐஸ் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உறைந்த ஏரி தாங்கும் எடை தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் தாங்குவது நான்கு மடங்கு. தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் இருந்த லோர்ன் கோல்ட் 1971-ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருவது இது. தாங்கிய ஐஸ், உடைந்த ஐஸ் இரண்டின் பதிவுகளையும் பார்த்து அவர் வகுத்த சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது நகரும் வண்டிக்கும் தெளிந்த நீல ஐஸுக்கும். ஸ்னோ ஊறி உறைந்த வெள்ளை ஐஸைப் பாதிப் பலமாகத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

வேகக் கட்டுப்பாடு வழுக்கும் என்பதற்காக மட்டும் இல்லை. கனமான வண்டி போகும்போது ஐஸ் சற்றே கீழே வளையும், அடியில் உள்ள தண்ணீரில் ஓர் அலை எழுந்து கூடவே வரும். வேகமாகப் போய்க் கரையை நெருங்கினால் அந்த அலை கரையில் மோதித் திரும்பி ஐஸை அடியிலிருந்து தூக்கும். கரையோரத்தில் உடைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இங்கே யாரும் தொடாத ஒன்று: வண்டி நின்றுவிட்டால்? ஒரே இடத்தில் எடை நிற்க நிற்க ஐஸ் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். நகரும் வண்டிக்குப் போதுமான தடிமன், நிற்கும் வண்டிக்கு மணிக்கணக்கில் போதும் என்று சொல்ல முடியாது. ஆகவே சேகர் சொன்ன பிரேக்கும் நெடுந்தூரன் சொன்ன ஏரியும் வேறு வேறு பிரச்சினைகள் அல்ல. சட்பரியில் சக்கரம் ஒட்டிக்கொண்டால் நேரம்தான் போகும்.

நெடுந்தூரன்

கட்டடக்காரன் சொல்லுறது சரி. அதாலதான் தனிய விடுறேல்லை. பின்னால வாறவன் இடைவெளி விட்டுத்தான் வருவான், ஒருத்தன் நிண்டா ரேடியோவில உடன சொல்லோணும். ஐஸ் படார் படார் எண்டு வெடிக்கிற சத்தம் கேக்கும், புதுசாப் போறவனுக்கு நெஞ்சு நிண்டுபோகும். அது சாதாரணம். சத்தத்துக்குப் பயந்து காலை எடுத்து வண்டியை நிப்பாட்டுறவன்தான் ஆபத்தானவன்.

பிரம்டன் சேகர்

அண்ணா, அப்படி நிறுத்தப்போவது யார்? முதல் தடவை போகிறவர்தானே. என் பக்க வாதத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை

உயிரைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன், பிரம்டனில் லாரிக்காரர்களுக்கு வரிக்கணக்கு எழுதுபவன்.

இந்த வேலையில் பல இடங்களில் லோடுக்குத்தான் கூலி, நாளுக்கு இல்லை. ரோடு எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதை வானிலை முடிவு செய்யும். 2007-ல் இதே ரோட்டில் பதினோராயிரம் லோடு அளவுக்குப் போனது. அதற்கு முந்தைய வருஷம், 2006-ல், குளிர் போதாமல் சீக்கிரமே மூடிவிட்டார்கள். மிச்சச் சரக்கைச் சுரங்கங்கள் விமானத்தில் கொண்டுபோக வேண்டியதாயிற்று. சுரங்கத்துக்கு அது கூடுதல் செலவு, அவ்வளவுதான். லோடுக்குக் கூலி வாங்குகிறவன் மோட்டலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்திருப்பான். "நாலைந்து மாசச் சம்பளம்" என்று சொன்ன நண்பர் எந்த வருஷக் கணக்கைச் சொன்னார்?

தியாவிக் சுரங்கமே 2026-ல் உற்பத்தியை முடிப்பதாக அறிவித்தது. ஸ்னாப் லேக் சுரங்கம் 2015-லேயே மூடியாயிற்று. வரவர ஏற்றிப்போக லோடு குறையும் இடம் இது.

ஒரு கேள்வி: உங்களை ஊழியராக எடுக்கிறார்களா, இல்லை சொந்தமாக கார்ப்பரேஷன் (உங்கள் பேரில் தனி நிறுவனம்) பதிவு செய்துகொண்டு வரச் சொல்கிறார்களா? பதில் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

வினிபெக் கலா

ஐஸ் ரோடு என்றால் எல்லோரும் வைரச் சுரங்கத்தையே பேசுகிறீர்கள். நான் வினிபெக்கில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வட மனிற்றோபாவிலும் வட ஒன்ராறியோவிலும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் குளிர்காலப் பாதைகள் முதற்குடிகளின் (பூர்வகுடி மக்களின்) ஊர்களுக்குப் போகின்றன. டீசல், வீடு கட்டும் பலகை, கனமான எல்லாம் அந்த ஓரிரு மாதங்களில்தான் போய்ச் சேர வேண்டும். 2024 குளிர்காலம் சூடாக இருந்து பாதைகள் சரியாக உறையாததால், ஒன்ராறியோவில் முதற்குடிகளின் கூட்டமைப்பான நிஷ்னாவ்பே அஸ்கி நேஷன் பெப்ரவரியில் அவசரநிலை அறிவித்தது. பாதி லோட் கொண்டுபோகவே பல இடங்களில் ஐஸ் போதவில்லை. சுரங்கத்து ரோட்டில் இருக்கும் செக்கியூரிற்றி, காம்ப், வரிசையாக விடும் ஏற்பாடு எல்லாம் அங்கே அந்த அளவுக்குக் கிடையாது.

சேகர் அண்ணாவுக்கு ஒன்று. "புதிதாக வந்தவர் போகக்கூடாது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அந்த ஊர்களுக்குப் போக ஓட்டுநர் போதாமல் நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும். இன்று கனடாவில் லொறி ஓட்டுகிறவர்களில் எத்தனை பேர் இங்கே பிறந்தவர்கள்? யாரோ ஒருவர் பழக்கிவிட்டால் எல்லோரும் ஓட்டுவார்கள்.

பிரம்டன் சேகர்

கலா, பழக்கிவிட்டால் என்கிறீர்கள். யார் பழக்குகிறார்கள்? 2018 ஏப்ரல் 6, சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் ஹாக்கி பையன்களின் பஸ்ஸும் ஒரு லாரியும் மோதின. 16 பேர் இறந்தார்கள். லாரி ஓட்டினவர் இந்தியாவிலிருந்து வந்தவர். கம்பெனி ரெண்டு வாரம் கூட இருந்து காட்டிவிட்டு, ரெட்டை டிரெய்லரோடு தனியே அனுப்பியது. சந்திப்பில் ஸ்டாப் பலகையில் நிற்காமல் போய்விட்டார். 8 வருஷம் சிறை. 2024-ல் நாடு கடத்தும் உத்தரவும் வந்தது. அது ஏரிகூட இல்லை, காய்ந்த சமவெளி ரோடு. நான் வந்த புதிதில் என்னையும் இப்படித்தான் ஒரு கம்பெனி சாவியைக் கொடுத்து வடக்கே அனுப்பியது. அதனால்தான் கத்துகிறேன்.

வினிபெக் கலா

அதே வழக்கில் கம்பெனி முதலாளிக்கு என்ன கிடைத்தது என்றும் எழுதுங்கள். 5,000 டொலர் அபராதம். ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிற்றோபா மூன்றும் கட்டாயப் பயிற்சி கொண்டுவந்ததே அதற்குப் பிறகு, 2019-ல்தான். நீங்கள் சொல்லும் உதாரணம் புதிதாக வந்தவரைக் காட்டவில்லை, அவரை அனுப்பினவரைத்தான் காட்டுகிறது.

பிரம்டன் சேகர்

முதலாளி தப்பு என்று எனக்கும் தெரியும். ஆனால் உள்ளே போனது ஓட்டினவர். முத்துநகரானுக்கு நான் சொல்வது அதைத்தான். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 60-வது அட்சரேகைக்கு வடக்கே சட்டமே ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓட்ட விடுகிறது, தெற்கே 13. லோடுக்குக் கூலி, 15 மணி நேரம், மணிக்கு 25 கிலோமீட்டர், வெளியே வெள்ளை வெளேர் என்று எதுவுமே மாறாத ஏரி. தூக்கம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

முத்துநகரான்

கணக்குப்பிள்ளை சார் கேட்டதால் இன்றைக்கு ரெண்டு போன் போட்டேன்.

முதலில் எட்மண்டனில் நேரடியாக ஒரு கம்பெனி. சூப்பர் பி-யில் எத்தனை குளிர்காலம் ஓட்டியிருக்கிறாய் என்று கேட்டார்கள். இல்லை என்றதும், குறைந்தது ரெண்டு சீசன் ஆகட்டும், அப்புறம் பேசலாம் என்று மரியாதையாக வைத்துவிட்டார்கள். அடுத்து நண்பன் கொடுத்த நம்பர். இவர் எதுவுமே கேட்கவில்லை. லைசென்ஸ் போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பு, கார்ப்பரேஷன் ஒன்று பதிவு பண்ணிக்கொள், ஜனவரி கடைசியில் இங்கிருந்தே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடு என்கிறார். ரோடு சீக்கிரம் மூடிவிட்டால் என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் கடவுள் பார்த்துப்பார் தம்பி" என்றார்.

கணக்குப்பிள்ளை

எதிர்பார்த்ததுதான். அப்படிப் போனால் ஓய்வூதியத்துக்கு முதலாளி பங்கு கிடையாது, வேலை போனால் இ.ஐ. (வேலையிழப்புக் காப்பீடு) கிடையாது, அடிபட்டால் தொழிலாளர் இழப்பீட்டுக்கு யார் கட்டினார்கள் என்று தேட வேண்டியிருக்கும். அவருடைய வண்டியை, அவர் சொல்லும் நேரத்தில், அவருடைய லோடோடு ஓட்டுகிறவர் எப்படித் தனித் தொழில்முனைவோர் ஆவார்? வரித்துறை கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நெடுந்தூரன்

உந்த ரெண்டாவது ஆளிட்டைப் போகாதையுங்கோ தம்பி. நான் போகச் சொன்னது ஒழுங்கா ஓரியன்ரேசன் குடுத்து, பழைய ஆளுக்குப் பின்னால விடுற இடத்துக்கு. ரொறன்ரோவில இருந்து யெலோநைவுக்கு 4,500 கிலோமீற்றருக்கு மேல. ஜனவரியில நெடுஞ்சாலை 17 இல தொடங்கி அவ்வளவு தூரம் தனிய ஓட விடுறவன் உங்களை மனிசனா நினைக்கேல்லை. ஏரிக்குப் போய்ச் சேர முதலே ஏதாவது நடந்திடும்.

ஆனா சேகருக்குச் சொல்லுறன், ஏரி ஆபத்தெண்டு நான் இப்பவும் ஒத்துக்கொள்ளேல்லை.

பிரம்டன் சேகர்

ஒத்துக்கொள்ள வேண்டாம் அண்ணா. 17-ஐப் பற்றி நீங்கள் சொன்னதற்கு ஒரு கும்பிடு. ரெண்டே தடம், நடுவில் தடுப்பு கிடையாது, எதிரே வருகிற லாரி கிளப்பும் ஸ்னோவில் கண் தெரியாது. 2016 ஜனவரியில் அதே ரோட்டில் நிப்பிகன் பாலம் திறந்து கொஞ்ச நாளிலேயே ஒரு முனை தூக்கிக்கொண்டபோது கிழக்கிலிருந்து மேற்கே போக கனடாவுக்குள் வேறு ரோடே இல்லை, தெரியுமில்லையா.

நெடுந்தூரன்

தெரியும், அண்டைக்கு நான் தண்டர் பேயில மாட்டுப்பட்டு நிண்டனான். முத்துநகரான், இந்தக் குளிருக்கு என்னோட தண்டர் பே ஓட்டத்துக்கு வாங்கோ. எங்கட கம்பெனியில ரெண்டு பேர் ஓடுற ரீம் வேலை இருக்கு, சம்பளச் சீட்டோட. சூப்பர் பி-யும் பழகலாம்.

பிரம்டன் சேகர்

இப்போதுதான் நெடுஞ்சாலை 17 ஆளையே கொல்லும் என்கிற மாதிரி சொன்னீர்கள், அதே ரோட்டுக்கு அவரைக் கூப்பிடுகிறீர்களே!

நெடுந்தூரன்

தனிய ஓடினாத்தான் கொல்லும் எண்டனான். பக்கத்தில நான் இருப்பன்.

முத்துநகரான்

நெடுந்தூரன் அண்ணா, தனிமடலில் நம்பர் அனுப்பியிருக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், மனைவி வேலையிலிருந்து வந்துவிடுவாள். அவளும் உங்களிடம் கேட்க வேண்டியதை எழுதி வைத்திருக்கிறாள்.