எரிமலைத் தூசு: நுரையீரலின் அடிவரை போவதற்கு என்ன பெயர்?

> "எரிமலைச் சாம்பல்" பிழை. "எரிமலைக் கல்தூள்" என்று மாற்றுவோம்.
> நுரையீரலுக்குள் போவதை "நுரையடைத் துகள்" எனலாம்.

வணக்கம் ஐயா,

முதலாவதில் நியாயம் உங்கள் பக்கம்தான். அடுப்புச் சாம்பல் விறகு எரிந்து மிஞ்சுவது. எரிமலையில் எதுவும் எரிந்து சாம்பலாவதில்லை. பாறைக் குழம்பிலுள்ள வாயு விரிந்து வெடிக்கையில் நொறுங்கிச் சிதறும் கல்லும் கண்ணாடியும்தான் அது. தண்ணீரில் கரையாது, விளிம்பெல்லாம் கூர். இருந்தாலும் பெயரில் கை வைக்க வேண்டாம். பாடப்புத்தகத்திலும் செய்தியிலும் ஊறிப்போன சொல். நாம் எழுதும் எரிமலைத் தூசுக் கையேட்டின் முதல் பந்தியிலேயே "இது சாம்பல் அல்ல, நொறுங்கிய கல்" என்று சொல்லிவிடுவோம். (எங்கள் திருகோணமலைப் பிள்ளைகள் கன்னியா வெந்நீரூற்றைக் காட்டி, "அப்ப இங்கேயும் எரிமலை இருக்கா சேர்?" என்று கேட்பவர்கள். இல்லை என்று விளக்கவே ஒரு பாடவேளை போய்விடும்.)

"நுரையடை"தான் இடிக்கிறது. அடை என்றால் போய்ச் சேர்வதும் உண்டு, அடைத்துக்கொள்வதும் உண்டு. அதே வாய்பாட்டில் மார்புவரை போவதை "மார்படைத் துகள்" என்று எழுதிப் பாருங்கள். திருகோணமலை முழுக்க மாரடைப்பு என்றுதான் வாசிக்கும்.

துகள் எங்கே போய் நிற்கிறதோ அந்த இடத்தின் பெயரையே வைக்கலாம் என்பது என் யோசனை. பெரியவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கித் தும்மலோடும் சளியோடும் வெளியேறும்: மூக்குத் தூசு. 10 மைக்ரோனுக்கு (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்தவை மூச்சுக்குழாயை உறுத்தும், தொய்வுக்காரருக்கு (ஆஸ்துமா உள்ளவருக்கு) முட்டு எடுக்கும்: குழாய்த் தூசு. ஏறக்குறைய 4 மைக்ரோனுக்கும் கீழே என்றால் நுரையீரலின் அடியிலுள்ள காற்றுச் சிற்றறைவரை இறங்கிவிடும்: சிற்றறைத் தூசு.

ஆபத்து கூடியது கடைசி ஆள்தான். அதில் பளிங்குச் சிலிக்கா இருந்து, ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்ற, நுரையீரல் தழும்பேறும் நோய் வரலாம். எல்லா எரிமலையும் ஒன்றல்ல. கரீபியன் கடலிலுள்ள மொன்செராற் தீவில் 1995இல் தொடங்கிய வெடிப்புகளில், பாறைக் குழம்பு குவிந்து இறுகிய குவிமாடம் இடிந்து கிளம்பிய சாம்பலின் 10 மைக்ரோனுக்குக் குறைந்த பகுதியில் பளிங்குச் சிலிக்கா, பெரும்பாலும் கிறிஸ்டோபலைற் என்ற வகை, 10 முதல் 24 விழுக்காடுவரை இருந்தது. ஒரு முறை தூசு மழையில் நனைந்தவருக்கு சிலிக்கோசிஸ் வந்துவிடும் என்று யாரும் பயப்படத் தேவையில்லை. அவருக்கு இருமல், கண் உறுத்தல், ஏற்கெனவே தொய்வு இருந்தால் அது கூடுதல், அவ்வளவுதான்.

இந்தச் சொற்கள் எரிமலையோடு நின்றுவிடாது. இங்கே கல்லுடைக்கிற இடத்தில் தம்பிமார் துவாயை மூக்கில் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். கண்ணிமையெல்லாம் வெள்ளையாக இருக்கும். அவர்களிடம், "துவாய் மூக்குத் தூசை மறிக்கும், சிற்றறைத் தூசை மறிக்காது, அதுக்கு என்95 முகக்கவசம் வேணும்" என்றால் விளங்கிவிடும். "நுரையடைத் துகள்" என்று அவர்களிடம் கதைக்க முடியுமா?

நுரையீரல் நோய்க்கான pneumonoultramicroscopicsilicovolcanoconiosis என்ற 45 எழுத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கச் சொல்லி ஒருவர் கேட்டிருந்தார். அது 1935இல் அமெரிக்கப் புதிர்ப் பிரியர் சங்கத் தலைவர் நீளத்துக்காகவே கோத்தது. பொருள் சிலிக்கோசிஸ்தான். விட்டுவிடலாம்.

சிற்றறையைத் தமிழ்நாட்டு நண்பர்கள் நுண்ணறை என்பார்கள். "நுண்ணறைத் தூசு" என்பதையும் பக்கத்தில் போடுவோம். "குழாய்த் தூசு" தண்ணீர்க் குழாயை நினைவூட்டினால் மூச்சுக்குழாய்த் தூசு என்று நீட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. குழுமத்திலுள்ள மருத்துவர்கள் சொல்லட்டும்.