ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு: அறம் சட்டத்துக்குள் வந்ததா?

செம்பூர் மாணவி:
மும்பையில் சட்டம் படிக்கிறேன். கெட்ட சட்டமும் சட்டம்தான், அறம் வேறு என்கிறார் ஆங்கிலேயச் சட்டத் தத்துவ அறிஞர் ஹார்ட். வகுப்பில் சரி என்றுதான் பட்டது. அப்புறம், பம்பாய் நடைபாதைக் குடிசைக்காரர்களை அகற்றுவது பற்றி உச்ச நீதிமன்றம் 1985இல் தந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பைப் படித்தேன். மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி, 1961இல் வேலை தேடி பம்பாய் வந்தவர். 1981 ஜூலை மழையில் குடிசையை இடித்து, சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவி, பெண் பிள்ளைகள் ஊரிலேயே தங்கிவிட, அவர் மட்டும் மறுபடி நடைபாதைக்கே வந்தார்.

வாழும் உரிமையில் பிழைப்பும் அடங்கும் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். அதே தீர்ப்பில், நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமையில்லை, அகற்றலாம் என்றும் இருக்கிறது. அக்டோபர் 31 வரை பொறுக்க வேண்டும், 1976 கணக்கெடுப்பில் வந்தவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும். அந்தச் சேலத்துக்காரருக்குக் கிடைத்தது சட்டமா, இரக்கமா?

மாட்டுங்கா வக்கீல்:
ஹார்ட் அறத்தைத் தள்ளவில்லையம்மா. சட்டத்துக்கு உள்ளேயே ஓர் அறம் உண்டு என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் ஃபுல்லரோடு 1958இல் வாதிட்டபோது நாஜி ஆட்சி முடிந்து அதிகக் காலம் ஆகவில்லை. ‘இது சட்டம்தான், ஆனாலும் கீழ்ப்படிய முடியாத அளவு கொடியது’ என்று சொல்ல மனிதனுக்கு இடம் வேண்டும் என்பதுதான் அவர் கவலை. நெருக்கடி நிலையில், 1976இல், ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்ற பெரும்பான்மையில் இருந்தவர் நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். 1985 தீர்ப்பை எழுதியவரும் அவரே. நீதிபதியின் மனசாட்சியை மட்டும் நம்பினால், அது எந்த ஆண்டில் எப்படி இருக்கும் என்று யார் சொல்வது?

தாராவிக்காரன்:
தங்கச்சி, பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314ஆம் பிரிவைப் பாருங்கள். நோட்டீஸ் இல்லாமலே அகற்றலாம் என்கிறது அது. நீதிமன்றம் அதை ரத்து செய்யவில்லை. நோட்டீஸ் கொடுப்பதுதான் வழக்கமாக இருக்க வேண்டும், கொடுக்காமல் விடுவது விதிவிலக்கு என்று அர்த்தம் சொன்னது. ஃபுல்லர் பேசிய, சட்டத்துக்கு உள்ளேயே இருக்கிற அறத்துக்கு இது பக்கத்தில் வருகிறது. இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் பக்கம் முன்கூட்டியே தகவல் வந்தால்தான் ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், தையல் மெஷின் எல்லாவற்றையும் எடுத்து வைக்க முடியும்.

செம்பூர் மாணவி:
அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு அந்தப் பகுதியைத் திரும்பப் படித்தேன். தங்கள் தரப்பைச் சொல்ல மாநகராட்சி கமிஷனர் மறுத்த வாய்ப்பு நீதிமன்றத்தில் தாராளமாகக் கிடைத்துவிட்டது, அதனால் தனியாக விசாரணை வேண்டாம் என்று முடிக்கிறார்கள். இது எனக்கு ஒப்பவில்லை. வக்கீல்கள் உச்ச நீதிமன்றத்தில் வாதாடுவதும், இடிக்க வருகிறவர் அந்தக் குடும்பத்திடமே கேட்பதும் ஒன்றா? வக்கீல் சார், இந்த இடத்தில் ஹார்ட் என்ன சொல்வார்?